மஞ்சள் மேல் நான் போட்ட பழி

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்த ஒரு பெண்ணின் தாடையை நான் சுட்டேன். அதைக் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்து, அந்தக் காயம் அவளுடைய அத்தை பூசிய மஞ்சளால் வந்தது என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அதற்கு வேறு பெயர் கிடையாது. பொய். தெரிந்தே சொன்ன பொய்.

நீங்கள் என்னிடம் கேட்டது இதை அல்ல. வேண்டாத முடியை எடுக்க லேசரா, ஐபிஎல்லா, எலக்ட்ராலிசிஸா, யாருக்கு எது என்று எப்படி முடிவு செய்வது. அம்பத்தூரில் முப்பது வருடம் தோல் மருத்துவம் பார்த்தவர் என்ற முறையில் புதிதாக வந்திருக்கும் எங்களுக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அந்தப் பெண்ணின் தாடையில் வந்து நின்றது. ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன்.

கருவிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. லேசரும் ஐபிஎல்லும் ஒளி. முடியில் இருக்கும் கருமையைத் தேடிப்போய்ச் சூடாக்கி வேரை அழிக்கும். லேசர் ஒரே நிற ஒளி, ஐபிஎல் பல நிறங்கள் கலந்த ஒளி. எலக்ட்ராலிசிஸில் ஒளியே இல்லை. ஒவ்வொரு முடியின் துவாரத்திலும் மெல்லிய ஊசியை இறக்கி, கொஞ்சம் மின்சாரம் விட்டு, அந்த ஒரு வேரை மட்டும் அழிப்பது. ஒளி வேகமாக முடியும், ஊசிக்குப் பொறுமை வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். முடியின் கருப்பு வேறு, தோலின் கருப்பு வேறு என்று ஒளிக்குத் தெரியாது. அது கருவியைப் பிடித்திருக்கும் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கிளினிக்கில் ஊசி வேலையைப் பார்த்தவர் ஓர் அம்மாள். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோயாளிகள் அவரை ஊசியம்மா என்பார்கள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டிவி பாகங்கள் செய்த ஒரு கம்பெனியில் பதினைந்து வருடம், சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை செய்தவர். கம்பெனி மூடியதும் என்னிடம் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு வந்தார். எலக்ட்ராலிசிஸ் ஊசியோடு நான் தடுமாறுவதை ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஒருநாள், "சார், தப்பா நெனைக்காதீங்க. அத நான் புடிக்கட்டா? போர்டுல இதவிடச் சின்ன காலுக்கெல்லாம் ஈயம் வெச்சிகீறேன்" என்றார். பயிற்சிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது என்னைவிட நன்றாகச் செய்தார். இந்தத் தொழிலில் நான் பெற்ற நல்லவற்றில் முதலாவதாக அவரைத்தான் சொல்வேன். அன்று அப்படி நினைக்கவில்லை. அன்று எனக்கு ஐபிஎல் கருவி வந்திருந்தது.

கருவி வந்த புதிதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. ரயிலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி போர்டு வைத்தேன். எந்தத் தோலுக்கு எவ்வளவு சக்தி என்று விற்க வந்தவர் ஓர் அட்டை கொடுத்திருந்தார். அதிலிருந்த எண்கள் நம்மைவிட வெளுத்த தோலுக்குப் போட்டவை. அது எனக்குத் தெரியும். கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணினேன்.

மேகலா (இது அவள் பெயர் இல்லை) திருமுல்லைவாயிலிலிருந்து அம்மாவுடன் வந்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. துப்பட்டாவை மூக்குவரை சுற்றியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். தாடைக்கு அடியிலும் இரண்டு ஓரங்களிலும் தடித்த கருமுடி, எண்ணினால் அறுபது தேறாது.

"மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டேன்.

மேகலா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். "அதெல்லாம் கண்ணாலத்துக்கு அப்பால பாத்துக்கலாம் சார். மாப்ள ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்கோ? இப்போதிக்கு இந்த முடி போனா போதும்."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதக் கையில் எடுத்த சீட்டை அப்படியே வைத்துவிட்டேன். பெண்ணின் தாடையில் முடி வருகிறதென்றால் உள்ளே ஏதோ காரணம் இருக்கலாம். அதைப் பார்க்காமல் வெளியே எதை எடுத்தாலும் திரும்ப வரும். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அம்மா முகம் சுளித்தார் என்று விட்டேன்.

ஊசியம்மா எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், அறுவது முடிக்கு இன்னாத்துக்கு சார் அந்த மெசினு? வாரத்துக்கு ஒரு வாட்டி வரச் சொல்லுங்க. கண்ணாலத்துக்குள்ள நானே சுத்தமா எடுத்துக் குடுக்கறேன். அப்பால மொளைக்கிறத மறுவீடு போயிட்டு வந்து எடுத்துக்கலாம்."

"பின்ன மெஷின் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கேன்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முதல் முறை சக்தியைக் குறைத்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. நான்கு வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள்.

"இன்னா சார், ஒண்ணுகூடக் கொட்டல. எங்க பக்கத்து ஊட்டுப் பொண்ணு ஒரே வாட்டிதான் போச்சு. மொகம் பளபளன்னு கீது" என்றார் அம்மா.

மேகலா மெதுவாகச் சொன்னாள். "மாப்ளயோட சித்தி பொடவை எடுக்கறப்போ பாத்துட்டாங்க சார். 'இன்னாமே, தாடியா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க." சொல்லும்போதே கண் நிரம்பிவிட்டது.

ஊசியம்மா அவள் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "சார், ஒரு நிமிசம். இங்க பாருங்க. ஹெல்மெட் வாரு கோடு தெரியுது. வாரு இருந்த எடம் வெளுப்பா கீது, மீதி கருத்துப்போயிகீது. இன்னிக்கு வேணாம் சார்."

"பத்திரிகை வைக்கப் போனேன்க்கா" என்றாள் மேகலா. "அப்பா இல்லல்ல. அம்மாவ உக்கார வெச்சிகினு நான்தான் வண்டி ஓட்டறேன். நசரத்பேட்டை, பூந்தமல்லி, ஆவடி, ஒரு ஊரு பாக்கி இல்ல."

வெயில் காலம். நாலு வாரம் ஊரெல்லாம் சுற்றிய தோல். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பிறகு அவள் காதுக்குப் பின்னால், கூந்தலுக்கு அடியில், வெயிலே படாத இடத்தில் ஒரு முறை ஒளியை அடித்துச் சோதித்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். அங்கே சிவக்கவில்லை. அந்தச் சோதனையில் நான் தேடியது உண்மையை அல்ல, அனுமதியை. முன்னதைவிடக் கூட்டி வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

மூன்றாவது முறை அடித்ததும் அவள் தோள் துள்ளியது. "சார், ரொம்ப எரியுது."

"அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ."

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கருவியின் அட்டை, நோயாளியின் அம்மா, கல்யாணத் தேதி, உங்கள் போர்டு, இத்தனையும் ஒரு பக்கம். எரிகிறது என்று படுத்திருப்பவள் சொல்வது ஒரு பக்கம். அந்த அறையில் அப்போது அவளுக்குத்தான் விஷயம் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார்கள். தாடையின் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக, செங்கல் அடுக்கியதுபோல், கரும்பழுப்பில் சுட்ட தடம். ஓரிடத்தில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. ஒவ்வொரு கட்டமும் என் கருவியின் வாய் அளவு. பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

காது ஓரத்தில் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது.

"முகத்துல ஏதாவது பூசினீங்களா?" என்றேன்.

"நேத்து சென்னீர்குப்பத்துல அவ அத்தை ஊட்டுல கூப்பிட்டு நலங்கு வெச்சாங்கோ" என்றார் அம்மா. "மஞ்சா பூசனாங்கோ."

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை. வெட்கப்பட வேண்டிய நிம்மதி அது. "அதான் பாத்தேன்" என்றேன். "ட்ரீட்மென்ட் எடுத்த தோல்ல மஞ்சள் பூசலாமா? அதுனாலதான் இப்படி ஆயிடுச்சு." கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதினேன்.

அந்த அத்தை யார் என்று அன்று எனக்குத் தெரியாது. மேகலாவின் அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். தம்பி போனபிறகு, மேகலாவின் அம்மா கம்பெனி வேலைக்குப் போகப் பெண்ணை வளர்த்தவர். நலங்கின்போது அவர் தள்ளியே நின்றிருக்கிறார். "நீ பூசாம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று மேகலா பிடிவாதம் பிடித்து அவரைப் பூச வைத்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஆனால் அன்றே, என் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததால், வெளியே அம்மா மேகலாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேனேடி. தாலி அறுத்தவ கையால வாணாம்னு சொன்னேனே, கேட்டியா?"

எழுந்துபோய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னேன்.

மாலையில் ஊசியம்மா வந்து நின்றார். "சார், மஞ்சா பூசனா கட்டம் கட்டமாவா சார் சுடும்?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"பாக்கறேன் சார்" என்றார். அடுத்த நாளிலிருந்து ஐபிஎல் அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. ஆனால் வேலையை விட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "நான் பூட்டா உங்கள யாரு சார் கேப்பாங்க?" என்றார்.

காயத்துக்கு நல்லபடியாகவே மருந்து கொடுத்தேன். கல்யாணம் நடந்தது. மேக்கப் பூச்சுக்கு அடியில் தழும்பு மறைந்தது. அத்தையைக் கூப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து மேகலா அதே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தழும்பு மங்கியிருந்தது, முடி திரும்ப வந்திருந்தது. "அந்த லைட் வேணாம் சார். ஊசியம்மாகிட்ட எடுத்துக்கறேன்" என்றாள். என்னைத் திட்டவில்லை. மஞ்சள்தான் காரணம் என்று அவளும் நம்பியிருந்தாள். இந்தத் தடவை ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். நான் எதிர்பார்த்ததுதான் வந்தது, ஹார்மோன் கோளாறு. பெண்கள் மருத்துவரிடம் அனுப்பினேன். இன்னும் முன்னால் அனுப்பியிருக்க வேண்டும்.

ஊசியம்மாவின் மேஜையில் படுத்தபடி அவள் சொன்னதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. சென்னீர்குப்பத்தில் அவர்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகளை அந்த அத்தைதான் குளிப்பாட்டுவாராம். பிள்ளை பெற்ற வீட்டில் முதல் மூன்று மாதம் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கல்யாணப் பெண்ணின் முகம் வெந்த கதை பரவியபிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. "அந்தக் கை வாணாம்" என்றார்களாம். பிறகு மேகலாவுக்கு எட்டு வருடம் குழந்தை இல்லை. அதையும் அந்தக் கையின் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எட்டு வருடமும் தெரியும். நான் என் வைத்தியத்தை மட்டும் திருத்திக்கொண்டேன். ஐபிஎல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கருத்த தோலையும் அதிகம் சுடாமல் ஆழமாக இறங்கும் நீண்ட அலை லேசரை வாங்கினேன். யாரையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்காமல் படுக்க வைப்பதில்லை என்று பழகினேன். வெயில்பட்ட தோலென்றால் திருப்பி அனுப்பினேன். சோதனையை வைத்தியம் செய்யப்போகிற இடத்திலேயே செய்து, இரண்டு வாரம் பொறுத்தேன். நூறு முடிக்குக் குறைவென்றால் முதலில் ஊசியம்மாவைக் கேட்டேன்.

பூந்தமல்லிப் பக்கம் அடுக்ககத்தில் இருக்கும் ஒரு பெண், கணினி வேலை, ஊர் திருநெல்வேலி. கன்னத்தில் பூனைமுடிதான். முகம் முழுவதும் லேசர் வேண்டும் என்று வந்தாள். அந்த மெல்லிய முடியில் ஒளியை அடித்தால் சில பேருக்கு உறங்கிக்கொண்டிருந்த வேரெல்லாம் விழித்துத் தடித்து வளரும். "உனக்கு எதுவும் வேண்டாம்மா" என்றேன். "இதச் சொல்லவா சார் ஒன்றரை மணி நேரம் டோக்கன் போட்டு உட்கார வச்சீங்க?" என்று கோபமாகப் போனாள். அடுத்த வருடம் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவகிட்டயும் வேண்டாம்னு சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்கமாட்டேங்கா." அப்படிப்பட்ட நாட்களில் நான் நல்ல வைத்தியன் என்று எனக்கே தோன்றும். வீட்டுக்குப் போகும் வழியில் சென்னீர்குப்பம் நினைவுக்கு வரும். அங்கே திருத்திக்கொண்டது எதுவும் போய்ச் சேரவில்லை.

ஓய்வுபெற முடிவு செய்து கிளினிக்கை மூடப்போகிற மாதம் ஊசியம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மேகலா முழுகாம கீது சார். ஆறு மாசம்."

"ரொம்ப சந்தோஷம்."

"வளகாப்புக்கு அத்தைய உட மாட்டாங்களாம். அந்தப் பொண்ணு அழுவுது. கண்ணாலத்தப்போ நடந்த மாரி இப்பவும் எதுனா ஆயிடும்னு பயப்படறாங்களாம்." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "அந்தம்மா உசுரோடதான் கீறாங்க சார். நீங்களும் கீறீங்க."

அன்றே ஒரு கடிதம் எழுதி அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "'எதிர்பாராத விளைவு'ன்னு போட்டுகீறீங்க. எதிர்பாக்கலயா சார்? நான்தான் கோட்டக் காட்டனேனே." கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ஊசியம்மாவும் சென்னீர்குப்பம் போனோம். ஊசியம்மா சொல்லிவைத்தபடி, அத்தையின் வீட்டுக்கு மேகலா தன் அம்மாவையும் வரவழைத்திருந்தாள். ஒரே அறை. எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அத்தை சமையல் மேடையில் சாய்ந்து நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். வயது அறுபத்தைந்து இருக்கும்.

சொன்னேன். "மேகலா முகத்தைச் சுட்டது நான். வெயில்ல கருத்த தோல்ல பண்ணக் கூடாதுன்னு இவங்க தடுத்தாங்க. கேக்காம பண்ணேன். மஞ்சளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மஞ்சள்தான்னு நான் சொன்னது பொய்."

முதலில் பேசியது மேகலாவின் அம்மா. "இத்தினி வருசமா இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க?"

"பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நீங்க ஒரு வாட்டிதான் சொன்னீங்க. நான் எத்தினி பேராண்ட சொன்னேன்... என் வாயால..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தை இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை.

அத்தை அழவில்லை, கோபப்படவுமில்லை. ஆட்களை எண்ணுவதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இப்போ இங்க எத்தினி பேரு கீறோம் டாக்டரு? அஞ்சு பேரு. அன்னிக்கு எம்மேல சொன்னது எத்தினி பேரு காதுல உழுந்துது தெரிமா? இங்கேர்ந்து ஆவடி வரிக்கும் எங்க சனம்தான். அஞ்சு பேராண்ட சொல்லிட்டு நீங்க நிம்மதியாப் பூடுவீங்க. நான்?"

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"அடுத்த மாசம் வளகாப்பு. அல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க. சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

அந்த மூன்று வாரத்தில் நான் தேடாத சாக்கு இல்லை. காய்ச்சல் வராதா என்றுகூட இருந்தது. அன்று காலை ஊசியம்மா ஆட்டோவுடன் என் வீட்டு வாசலில் நின்றார். "ஓடிப்பூடுவீங்கன்னு இல்ல சார். சும்மா, தொணைக்கு."

திருமுல்லைவாயிலில் ஒரு மாடி ஹால். நூறு பேர் இருந்திருப்பார்கள். மேகலா மேடையில் பூவும் வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். அத்தை கடைசி வரிசையில், படிக்குப் பக்கத்து நாற்காலியில். பாட்டை நிறுத்தி மேகலாவே மைக்கை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். சென்னீர்குப்பத்தில் சொன்னதையே சொன்னேன். கூட ஒரு வாக்கியம் சேர்த்தேன். "இந்தப் பொண்ணுக்குக் குழந்தை தள்ளிப்போனதுக்குக் காரணம் உடம்புல இருந்த ஒரு கோளாறு. அதையும் நான் முதல்லயே பார்த்திருக்கணும், பார்க்கல. அவங்க கைக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு ஒருவர் எழுந்தார். "இன்னா டாக்டரு, எங்க ஊட்டுப் பொண்ணச் சுட்டது நீ. நாங்க எங்களுக்குள்ள அடிச்சிகினு கெடந்தமா?"

"ஆமாங்க."

"ஆமாவாம் மாமே! இந்தாளு மேல கேஸ் போடணும்" என்று இன்னொரு குரல்.

"போடுங்க. கேஸ் ஷீட் என்கிட்டதான் இருக்கு, தரேன்" என்றேன்.

முன் வரிசையில் ஒரு வயதான அம்மாள், "அவுரு இன்னா வேணா சொல்லட்டும். இருந்தாலும் அவ..." என்று தொடங்கினார்.

"பெரிம்மா, போதும்" என்றாள் மேகலா. பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "அத்தை, வா" என்றாள்.

அத்தை எழுந்திருக்கவில்லை. மேகலாவின் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவ்வளவு பேருக்கு நடுவில் நடந்துபோய், அத்தையின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அத்தை எழுந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படியிறங்கிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து ஊசியம்மா ஒரு பொட்டலத்தோடு கீழே வந்தார். புளி சாதம், தயிர் சாதம், அப்பளம். "அத்தை குடுத்தாங்க. 'டாக்டரு துண்ணாமப் பூட்டாரே'ன்னாங்க." கூடவே இன்னொன்றும் சொன்னார். இரண்டு குடும்பம் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டதாம். நான் சொன்னதால் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். எட்டு வருடத்துக்கு மேல் வேர்விட்டதை ஒரு மைக்கில் பிடுங்க முடியாது. கேஸ் யாரும் போடவில்லை. போட்டிருந்தால் போயிருப்பேன்.

ஊசியம்மா இப்போது பூந்தமல்லியில், உங்களில் ஒருவரின் கிளினிக்கில் வேலை செய்கிறார். போன மாதம் போன் செய்தார். "சார், சும்மாதானே கீறீங்க? கெளம்பி வாங்க. ஒருத்தங்க வந்துகீறாங்க."

போனேன். மேஜையில் அத்தை படுத்திருந்தார். தாடையில் நாலைந்து வெள்ளை முடி, கம்பிபோல் விறைத்து நின்றது. வெள்ளை முடியில் கருமை இல்லை. எந்த விலையுயர்ந்த ஒளிக்கும் அது கண்ணில் படாது. ஊசி ஒன்றுதான் வழி. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இத்தினி வருசமா இல்லாம இப்ப இன்னாத்துக்குன்னு கேளுங்க சார்" என்றார் ஊசியம்மா.

"மேகலா புள்ளைதான்" என்றார் அத்தை. "கால்ல போட்டுக் குளிப்பாட்டிட்டு மேல தூக்கனா, கரெக்டா இதப் புடிச்சு இழுக்குது. உடவே மாட்டேங்குது. கண்ணுல தண்ணி வந்துடுது டாக்டரு."

விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். ஊசியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குமா?"

"வலிக்கும்மா."

"ஒரே வாட்டியில முடிஞ்சிருமா?"

"முடியாது. நாலஞ்சு தடவை வரணும். திரும்ப மொளைச்சாலும் மொளைக்கும்."

"சரி, சட்டுனு எடுங்க" என்று தாடையை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். "வெந்நி வெச்சிட்டு வந்துகீறேன். பத்து மணிக்கெல்லாம் அதுக்குத் தண்ணி ஊத்தணும். எதிர் ஊட்டுலயும் ஒண்ணு பொறந்துகீது, அங்கயும் போவணும்."